பெற்றோருடன் ஸ்பிதி கோட்டைப் பயணம்: எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். செப்டம்பரில் 11 நாட்கள் கையில் இருக்கின்றன. சண்டிகரில் கார் எடுத்து மணாலி வழியாக இமாசலப் பிரதேசத்தின் உயர்மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குள் நுழைந்து, கின்னௌர் மாவட்டம் வழியாக இறங்கி, முடிந்தால் லடாக்கின் லேயையும் சேர்த்துக்கொண்டு மலைக்கோட்டைகளைப் பார்த்து வர வேண்டும். உடன் வருபவர்கள் 66 வயதுத் தந்தையும் 61 வயதுத் தாயும். தந்தை இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இவற்றில் எந்தக் கோட்டைகளை விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்டைகளின் பட்டியல் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். பெற்றோரின் உடம்புக்குக் கேடு வராமல், பாதி நாளைக் காருக்குள்ளேயே கழிக்காமல், இந்த 11 நாட்களை எப்படி அடுக்குவது என்பதே நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொறியியல் படித்தவன். பழைய மண் கட்டடங்களையும் மரக் கட்டடங்களையும் பழுதுபார்க்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன்; அந்த வேலைக்காகவே இந்தச் சாலைகளில் பல பருவங்கள் போய் வந்திருக்கிறேன். ஆகவே சுவரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் நான் சொல்வதை நம்பலாம். மருத்துவம் என் துறை அன்று. அதில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விதிகளை மட்டும் சொல்கிறேன். உங்கள் தந்தைக்கு எது பொருந்தும் என்பதை அவருக்கு மாத்திரை எழுதித் தரும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் லேயை விட்டுவிடுங்கள். லே அரண்மனையும் பாஸ்கோ கோட்டையும் பார்க்கத் தகுதியில்லாதவை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சென்கே நம்கியால் காலத்து ஒன்பது அடுக்கு அரண்மனைக்காக மட்டுமே ஒருவர் லடாக் போகலாம். ஆனால் மணாலியிலிருந்து லே போகும் சாலையில் சார்ச்சு, பாங் என்று வழக்கமாக இரவு தங்கும் இடங்கள் முறையே 4,290 மீட்டரிலும் ஏறத்தாழ 4,600 மீட்டரிலும் இருக்கின்றன. சார்ச்சுவுக்குத் தெற்கே 4,850 மீட்டருக்கு மேல் பாராலாச்சா கணவாய். வடக்கே 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுலுங் கணவாய். நள்ளிரவில் ஒருவருக்கு மூச்சு முட்டினால் உடனே கீழே இறக்க வேண்டும் என்பதுதான் விதி. சார்ச்சுவிலோ எந்தப் பக்கம் போனாலும் முதலில் ஏறித்தான் இறங்க முடியும். என்னுடன் வேலைக்கு வந்த முப்பது வயது இளைஞர் ஒருவர், தினமும் ஓட்டப்பயிற்சி செய்பவர், அங்கே ஒரு கூடாரத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து தன் காலணியை மாட்டத் தெரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அவரைக் காரில் ஏற்றி, பாராலாச்சாவைத் தாண்டி, பொழுது விடியும் நேரத்தில் ஜிஸ்பாவுக்கு இறக்கிய பிறகுதான் பேச்சு தெளிந்தது. அன்றைய அவசரத் திட்டம் என்னுடையது, பிழையும் என்னுடையதே. லேயைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது திசை. நீங்கள் எழுதியுள்ள திட்டத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். அங்கிருந்து ஒரே பகலில் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் கணவாயைக் கடந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் படுத்தால், படுக்கும் உயரம் ஒரே நாளில் 1,600 மீட்டருக்கும் அதிகமாகக் கூடிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும் என்பதே மலை மருத்துவத்தில் நிலைபெற்ற விதி. பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தீர்கள் என்பதைவிட இரவில் எங்கே தூங்கினீர்கள் என்பதே இங்கே கணக்கு. சிம்லா, நார்கண்டா, சாங்லா, கல்பா, தாபோ, காசா என்று சட்லெஜ் ஆற்றையும் பிறகு ஸ்பிதி ஆற்றையும் ஒட்டி ஏறினால், அந்த விதி ஏறத்தாழத் தானாகவே நிறைவேறிவிடும். பாரவண்டிக்குக்கூட வழியில்லாத காலத்தில் சுமையாடுகளோடு நடந்தவர்கள் இந்தப் பள்ளத்தாக்குகளில் தங்கித் தங்கித்தான் ஏறினார்கள். கோட்டைகளும் பெரும்பாலும் அந்தத் தங்கல்களை ஒட்டியே, வழி இரண்டாகப் பிரியும் இடத்திலோ ஆறுகள் கூடும் இடத்திலோ நிற்கின்றன. ஆகவே கோட்டைகளின் வரிசையில் போவதும் உடம்பைப் பழக்கிக்கொண்டு போவதும் இந்தத் திசையில் ஒன்றாகிவிடுகின்றன.

உயர்மலை நோயைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. காற்றழுத்தம் குறைவதால், காசாவில் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலியோடு வாந்தி உணர்வோ பசியின்மையோ சேர்ந்தால் அதை உயர்மலை நோய் என்றே கொண்டு, மேலே ஏறாமல் அங்கேயே நிற்க வேண்டும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ இரவென்றும் பாராமல் கீழே இறக்க வேண்டும். உடல் வலிமை இதிலிருந்து காப்பாற்றாது; முதுமை மட்டுமே இதை வரவழைக்கவும் செய்யாது. சந்தேகத்துக்கு உரியது என்னவென்றால், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்வதுதான். முன்பு ஒருமுறை அதே உயரத்துக்குப் போய் நன்றாக இருந்தவருக்கு மறுமுறை வருவதுண்டு. அசெட்டசோலமைடு மாத்திரையை முன்னெச்சரிக்கையாக எடுக்கும் வழக்கம் உண்டு; ஆனால் அது சிறுநீரைக் கூட்டும் மருந்து, இரத்த அழுத்த மருந்துகள் சிலவும் அதே வகையைச் சேர்ந்தவை, சல்பா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. எனவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பேச்சே வேண்டாம். தந்தையின் மருந்துச் சீட்டோடு ஒருமுறை மருத்துவரைப் பார்த்து, இதயத்தையும் சோதித்துக்கொண்டு புறப்படுங்கள்.

முதல் நாள் நார்கண்டா, சுமார் 2,700 மீட்டர். இரண்டாம் நாள் ராம்பூர் வழியாகச் சாங்லா, அதுவும் ஏறத்தாழ அதே உயரம். மூன்றாம் நாளை முழுவதும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சாங்லாவுக்கு மேலேயுள்ள காம்ரு கோட்டையை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இப்பகுதியை ஆண்ட புஷஹர் அரசர்களின் பழைய இருப்பிடம் அது; பின்னாளில்தான் அவர்கள் கீழே சராஹனுக்கும் ராம்பூருக்கும் இறங்கினார்கள். ஊருக்குள் படிகளில் அரை மணி நேரம் ஏற வேண்டும். தாய்க்கு முழங்கால் வலி இருந்தால் இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். வாசலில் பச்சை மடிப்பு வைத்த கின்னௌரித் தொப்பியும் இடுப்பில் கட்ட ஒரு துணியும் தருவார்கள்; அணிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். கோபுரத்துக்குள் வெளியாரை விடுவதில்லை, முற்றத்திலிருந்து பார்ப்பதோடு சரி. அதற்காக ஏமாற்றம் அடைய வேண்டாம். கோபுரத்தின் மூலைக்கு அருகே போய் நில்லுங்கள்.

அந்த மூலையில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு வரிசை தேவதாரு உத்தரங்கள், அதன்மேல் ஒரு வரிசை கல், மறுபடியும் உத்தரம், மறுபடியும் கல் என்று சுவர் எழும்பியிருக்கும். காட்-குனி என்பது இதன் உள்ளூர்ப் பெயர்; காட் என்றால் மரம், குனி என்றால் மூலை. மூலையில் இரு சுவர்களின் உத்தரங்களும் நாம் விரல்களைக் கோத்துக்கொள்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று மாறி மாறிப் படிந்திருக்கும். கற்களுக்கு இடையே சுண்ணாம்போ சிமென்ட்டோ கிடையாது. நிலம் அதிரும்போது கற்கள் சற்று நகர்ந்து உரசுகின்றன, அந்த உரசலிலேயே அதிர்வின் விசை கரைகிறது, மரக்கட்டு சுவரை விரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. 1905 காங்ரா நிலநடுக்கத்தில் புதிய கட்டடங்கள் பல விழுந்தும் குலுவுக்கு அருகேயுள்ள நக்கர் கோட்டை நின்றது; அதற்கு இந்தக் கட்டுமுறையே காரணம் என்பது எங்கள் துறையில் பெரும்பாலானோர் ஏற்றுக்கொண்ட கருத்து. இப்படி ஒரு சுவரின் இடுக்குகளில் யாரோ நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசியிருப்பதை எங்கேனும் பார்த்தால், அது என்னைப் போன்றவர்களுக்கு வயிற்றெரிச்சல் தரும் காட்சி. நகர வேண்டிய கல்லை நகரவிடாமல் செய்துவிட்டார்கள்.

அன்று பிற்பகல் சித்குல் என்னும் ஊர் வரை போய், சாங்லாவுக்கே திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் எச்சரிக்கை. 2021 ஜூலையில் பட்சேரி அருகே மலையிலிருந்து உருண்ட பாறைகளால் ஒன்பது சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே, நீங்கள் வரும் சட்லெஜ் சாலையில் உள்ள நிகுல்சாரியில் மண் சரிந்து பேருந்து ஒன்று புதைந்தது. செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு மழை ஓய்ந்துவிடுவதால் இடர் குறைகிறது, நீங்குவதில்லை. சாலையில் புதிதாக உடைந்த கற்கள் சிதறிக் கிடக்கும் இடத்தில் படம் எடுக்கக் காரை நிறுத்தாதீர்கள். மழை பெய்த இரவுக்கு அடுத்த காலையில் புறப்பாட்டைச் சில மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

நான்காம் இரவு கல்பா, 2,960 மீட்டர். ஐந்தாம் நாள் காப் என்னும் இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜோடு சேர்வதைப் பார்த்துவிட்டு ஏறத் தொடங்கினால் நாக்கோ வரும். ஏரியும் பழைய கோயில்களும் உள்ள அழகான ஊர்தான். ஆனால் அது 3,600 மீட்டருக்கு மேலே இருப்பதால் அங்கே படுக்காமல், மதியம் பார்த்துவிட்டு, 3,280 மீட்டரில் உள்ள தாபோவுக்கு இறங்கிவிடுங்கள். பலர் இதை மாற்றிச் செய்துதான் முதல் தலைவலியை வாங்கிக்கொள்கிறார்கள். தாபோவில் இரண்டு இரவுகள்.

தாபோவின் மடாலயம் கோட்டை அன்று என்றாலும், இந்தப் பள்ளத்தாக்கில் வயது உறுதியாகத் தெரிந்த கட்டடம் அதுவே. 996இல் நிறுவப்பட்டது, 46 ஆண்டுகள் கழித்துப் புதுப்பித்த செய்தி உள்ளே கல்வெட்டைப் போலச் சுவரில் எழுதியே இருக்கிறது. மற்ற இடங்களில் உள்ளூர்க்காரர்கள் “ஆயிரம் வருடம்” என்று சொல்லும்போது அதைப் பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். மண்ணிலும் மரத்திலும் கட்டியவற்றில் பூச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது, உத்தரம் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை மாறுகிறது, ஒரு நிலநடுக்கத்துக்குப் பிறகு ஒரு மூலையே புதிதாக எழும்புகிறது. ஆயிரம் என்பது பெரும்பாலும் அந்த இடத்தில் மனிதர் குடியிருந்த வயது. நீங்கள் கை வைக்கும் சுவரின் வயது அதில் சிறு பகுதியாகவே இருக்கலாம். 1975 ஜனவரியில் கின்னௌரை உலுக்கிய நிலநடுக்கம் தாபோவையும் சேதப்படுத்தியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சுவர்களைப் பாருங்கள், பழையதும் புதியதும் கண்ணுக்குத் தனித்தனியே தெரியத் தொடங்கும்.

ஆறாம் நாள் டங்கர். ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஸ்பிதியின் பழைய தலைநகரம் இது; நோனோ என்று அழைக்கப்பட்ட ஆட்சித் தலைவரின் இருக்கை. ஊர்ப்பெயரே செங்குத்துப் பாறைமேல் கோட்டை என்று பொருள்படும். ஸ்பிதி ஆற்றில் பின் ஆறு வந்து கலக்கும் இடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் உயரே, 3,890 மீட்டரில், மழையும் காற்றும் அரித்து ஊசி ஊசியாக நிற்கும் மண்பாறைகளின் நடுவே மடாலயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கும் மேலே கோட்டையின் எச்சம். சாலை ஊர் வரை போகிறது. கீழே இருக்கும் புதிய மடாலயம் வரை பெற்றோர் சிரமமின்றி வருவார்கள். பழைய மடாலயத்தின் குறுகிய படிகளுக்கு உடன் ஒருவர் கை கொடுக்க வேண்டும். உச்சிக் கோட்டைக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு குதிரைகூட யாருக்கும் தெரியாமல் இரு பள்ளத்தாக்குகளுக்குள்ளும் நுழைந்திருக்க முடியாது என்பது விளக்கமே இல்லாமல் புரியும்.

அங்கே சுவரை உற்றுப் பாருங்கள். வெயிலில் உலர்த்திய மண்கல். அதன்மேல் வைக்கோல் நறுக்கிப் போட்டுக் குழைத்த களிமண் பூச்சு. உதிர்ந்த இடத்தில் வைக்கோல் துணுக்குகள் பொன்னிறமாக நீட்டிக்கொண்டிருக்கும். கூரை தட்டையானது: உத்தரம், அதன்மேல் வில்லோ மரக் குச்சிகள், அதன்மேல் புல், அதன்மேல் மிதித்து இறுக்கிய மண். இந்தக் கூரை பனிக்காகப் போட்டது. பனி விழுந்தால் தட்டையான மர அகப்பையால் தள்ளிவிடலாம். மழை பெய்தால் எதைத் தள்ளுவது? மழைமறைவுப் பகுதியான இங்கே கோடையில் திடீர்க் கனமழை கொட்டும்போது, ஒரே நாளில் கூரையில் விழும் ஓட்டை பல ஆண்டுத் தேய்மானத்துக்குச் சமம். உலக நினைவுச்சின்ன நிதியம் 2006இல் அழிவின் விளிம்பில் உள்ள நூறு இடங்களின் பட்டியலில் டங்கரைச் சேர்த்தது. அடியிலுள்ள பாறையே அரிக்கப்பட்டுக்கொண்டிருப்பதால், இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று என்னிடம் சிலர் கேட்கிறார்கள். துளையிட்டு அளவெடுக்காமல் எந்தப் பொறியாளரும் அதற்கு ஆண்டுக்கணக்கு சொல்லக் கூடாது. பார்வையாளர் செய்ய வேண்டியது இரண்டே: மேலறைக்கு இத்தனை பேர்தான் என்று துறவிகள் தடுத்தால் மறுபேச்சின்றி வெளியே காத்திருங்கள்; படத்துக்காகக் கூரை விளிம்பில் நிற்காதீர்கள், விளிம்பில் உத்தரம் இருக்காது.

ஏழாம், எட்டாம் இரவுகள் காசாவில். கீ மடாலயமும் கிப்பர் ஊரும் பகலில் போய் வரத் தக்கவை. கோமிக், ஹிக்கிம் ஆகிய ஊர்கள் எல்லாம் 4,400 மீட்டருக்கு மேலே. தந்தையின் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காசாவில் எரிபொருளை முழுவதும் நிரப்பிக்கொள்ளுங்கள். குன்சுமைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கான லாஹௌல் சேரும் வரை வேறு பம்பு கிடையாது. போதிய ரொக்கம் கையில் இருக்கட்டும்.

ஒன்பதாம் நாள்தான் காருக்குச் சோதனை. லோசரைக் கடந்து குன்சும் ஏறி, பட்டாலில் சந்திரா ஆற்றுக்கு இறங்கி, கிராம்ஃபூ வரை போகும் வழி பல இடங்களில் உருண்டைக் கற்களின் மேல் போகிறது. பனியாறு உருகி வரும் ஓடைகள் சாலையைக் குறுக்கே கடக்கும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது வெயில் ஏறிய பின் முழங்காலுக்கு மேல் வந்துவிடும். ஆகவே ஐந்தரை மணிக்கே காசாவை விட்டுப் புறப்படுங்கள். தரையிலிருந்து அடித்தட்டு தாழ்வாக உள்ள செடான் காரை இதற்கு எடுக்காதீர்கள். நான்கு சக்கர இயக்கம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, உயரமான அடித்தட்டும் நல்ல டயர்களும் போதும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும் என்பதால் குன்சும் ஏற்றத்தில் கார் திணறினால் பழுது என்று பதற வேண்டாம். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள். மலைச் சாலையில் முன்பழக்கம் இல்லையென்றால் அந்த ஒரு நாளுக்காவது உள்ளூர் ஓட்டுநரை அமர்த்துவது வீண் செலவாகாது.

அன்று இரவு சிஸ்ஸூ, ஏறத்தாழ 3,100 மீட்டர். எல்லோருக்கும் நல்ல தூக்கம் வரும். பத்தாம் நாள் காலையில், தாண்டி என்னும் ஊருக்குச் செல்லும் சாலையிலேயே சிறிது தூரத்தில் கோந்த்லா கோட்டை. உண்மையில் இது தாக்கூர்கள் என்னும் உள்ளூர்த் தலைவர்களின் கோபுர வீடு. காம்ருவில் பார்த்த அதே காட்-குனி இங்கே ஏழெட்டு அடுக்குக்கு எழும்பி, உச்சியில் சுற்றிலும் மர மாடத்தோடு முடிகிறது. 1700 வாக்கில் குலு அரசர் மான்சிங் கட்டினார் என்று சொல்வார்கள்; வழக்காறு என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டியிருந்தால் வருந்த வேண்டாம், வெளியிலிருந்தே எல்லாம் தெரியும். பிறகு, 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக, ரோத்தாங் கணவாயில் ஏறாமலேயே குலுப் பக்கம் வந்து, கடைசி இரவை நக்கரில் கழியுங்கள். அந்தக் கோட்டை இப்போது மாநிலச் சுற்றுலாக் கழகத்தின் விடுதி. காங்ரா நிலநடுக்கத்தைத் தாங்கிய சுவருக்குள்ளேயே தூங்கலாம். பதினோராம் நாள் சண்டிகர்.

இந்தியக் குடிமக்களுக்கு இந்தச் சுற்றில், எல்லைப் பகுதிக்குள் போகத் தரப்படும் உள்கோட்டு அனுமதிச் சீட்டு தேவையில்லை, அடையாள அட்டை போதும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் யாரேனும் உடன் வந்தால் கின்னௌரின் ரெக்காங் பியோவிலோ சிம்லாவிலோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். குன்சும் கணவாய் செப்டம்பரில் வழக்கமாகத் திறந்திருக்கும், ஆயினும் ஒரு நாள் பனியோ மழையோ அதை மூடிவிடக்கூடும். எட்டாம் நாள் மாலை காசாவில் காவல் நிலையத்திலும், அந்தப் பக்கமிருந்து அன்று வந்திறங்கிய ஓட்டுநர்களிடமும் கேளுங்கள். மூடியிருந்தால் காத்திருக்காமல் வந்த வழியே கல்பா, ராம்பூர் என்று மூன்று நாளில் சண்டிகர் திரும்பிவிடலாம். அப்படி நேர்ந்தால் கோந்த்லாவும் நக்கரும் கைவிட்டுப் போகும்; பதிலுக்கு ராம்பூர் சேருமுன் சராஹனுக்கு ஏறி, அதே மரமும் கல்லும் கோத்த பீமாகாளி கோயில் கோபுரங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.